ராஜினாமாவும் விருப்ப ஓய்வும்

கடிதம்:

ஐயாவுக்கு வணக்கம். மன்னார்குடி அருகே ஒரு கிராமம் எனக்குச் சொந்த ஊர். 2006 ஆகஸ்டில் பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது; ஒரு வேலி நிலத்தை அவரால் இனிப் பார்க்க முடியாது. ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறக்கும்போது நான் ஊரில் இருக்க வேண்டும் என்று மே மாதமே ராஜினாமா செய்ய எண்ணியிருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டதால் ஓய்வூதியம் வந்துவிடும்தானே? 2017-இல் அம்மாவின் சிகிச்சைக்காக ஐந்து மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். 2012-இல் வேறொரு வங்கியில் சேர்ந்த என் தம்பியும் என்னைப் பார்த்து வேலையை விடலாமா என்று கேட்கிறான்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வராது. மே மாதம் ராஜினாமா செய்தால் உங்களுக்கு ஓய்வூதியமாக ஒரு ரூபாய்கூட வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கி ஊழியர் ஓய்வூதிய ஒழுங்குமுறைகள் 1995-இன் 22-ஆம் விதிப்படி, ராஜினாமா செய்பவர் தம் கடந்தகாலப் பணி முழுவதையும் இழக்கிறார். அது பத்தொன்பது ஆண்டானாலும் இருபத்தைந்து ஆண்டானாலும் ஒன்றுதான். நான் வங்கியில் இருந்த காலத்தில், வடக்கே மாற்றல் வந்த கோபத்தில், இருபத்திரண்டு ஆண்டுப் பணியை நான்கு வரிக் கடிதத்தில் முடித்துக்கொண்ட நண்பர் ஒருவர் இருந்தார். அந்த நான்கு வரிகளில் 'விருப்ப ஓய்வு' என்று எழுதியிருந்தால் இன்றும் அவருக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டிருக்கும். தம் பங்கு வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும்தான் அவருக்குக் கிடைத்தன. நீதிமன்றம் இரங்கும் என்றும் எண்ண வேண்டாம். 2019 டிசம்பரில், மத்திய அரசுப் பணி விதிகளின் கீழ் வந்த ஒரு வழக்கில், இருபது ஆண்டு பணியாற்றியிருந்தாலும் ராஜினாமா ராஜினாமாதான், அதை விருப்ப ஓய்வாக மாற்றிப் படிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்களுக்குரிய வழி அதே ஒழுங்குமுறைகளின் 29-ஆம் விதி. இருபது ஆண்டு தகுதிப் பணிக்காலத்தை நிறைவு செய்தவர், மூன்று மாதத்துக்குக் குறையாத முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். தகுதிப் பணிக்காலம் என்பது நாட்காட்டியில் எண்ணும் காலம் அன்று. சம்பளமில்லா விடுப்பு அதில் சேராது. அத்தகைய விடுப்பைப் பணிமுழுதும் சேர்த்துப் பன்னிரண்டு மாதம் வரை கணக்கில் கொள்ளலாம் என்று அனுமதி வழங்கிய அதிகாரி உத்தரவிட்டிருந்தால் மட்டுமே சேரும். ஆகவே 2017-ஆம் ஆண்டின் அந்த உத்தரவைத் தேடி எடுத்துப் படியுங்கள். அதில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், உங்கள் இருபது ஆண்டு 2026 ஆகஸ்டில் நிறைவடையாது, 2027 ஜனவரியில்தான் நிறைவடையும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உதிரிக் காலத்தை முழு ஆண்டாகக் கொள்ளும் விதி ஒன்றை யாராவது உங்களுக்குக் காட்டக்கூடும். அதை நம்பி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வழக்காடப் போக வேண்டாம்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 29-ஆம் விதியின் கீழ் ஓய்வு பெறுவோரின் பணிக்காலத்தோடு ஐந்து ஆண்டுகள் வரை கூட்டித் தருகிறார்கள். மொத்தம் முப்பத்துமூன்றைத் தாண்டக் கூடாது, வழக்கமான ஓய்வு நாளையும் கடக்கக் கூடாது, அவ்வளவுதான். முப்பத்துமூன்று ஆண்டு இருந்தால்தான் பாதிச் சம்பளம் முழு ஓய்வூதியமாக வரும்; ஆண்டு குறைந்தால் அந்த விகிதத்தில் அதுவும் குறையும். கடைசிப் பத்து மாதத்தில் ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் ஊதியத்தின் சராசரி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுக்கு மாதம் 18,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். இருபத்தைந்துக்கு ஏறத்தாழ 22,700 ஆகும். அகவிலைப்படி இதற்கு மேல். உங்களுக்குப் பின் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. தண்ணீர் வராத ஆண்டிலும் வரக்கூடிய வருமானம் இது என்பதை டெல்டாக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தம்பியின் கதை வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். இடையில் வெளியேறினால் சேர்ந்த தொகையில் இருபது விழுக்காட்டைத்தான் கையில் வாங்க முடியும். எண்பது விழுக்காட்டுக்கு, தவணை தவறாமல் பணம் தரும் காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கியாக வேண்டும். அக்காவைப் பார்த்து அவர் முடிவெடுக்க இதில் ஒன்றும் இல்லை.

கடிதத்தில் 'ராஜினாமா' என்ற சொல் எந்த இடத்திலும் வரக் கூடாது. 29-ஆம் விதியின் எண்ணை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த முன்னறிவிப்பைப் பின்னர் உங்கள் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது, அதற்கு வங்கியின் ஒப்புதல் வேண்டும் என்பதால், பணிப் பதிவேட்டில் உங்கள் நாட்களை எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே அதைக் கொடுங்கள். 2027 ஜனவரி கடைசியில் கொடுத்தால் ஏப்ரல் முடிவில் விடுபட்டுவிடலாம்; ஜூன் தண்ணீருக்கு நாற்றங்கால் தயார் செய்ய அது போதும். இந்த ஆண்டுக் குறுவையை மட்டும் பங்காளிகளில் யாருக்காவது வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.