ஆப்பிரிக்க நாடான மலாவியில், ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர் இருந்தால் அவர் என்னென்ன வேலை பார்ப்பார்?

குழந்தை டாக்டர், எலும்பு டாக்டர் என்று தனித்தனியாக யாரும் கிடையாது, எல்லாம் அவர்தான். காலையில் வார்டு ரவுண்ட்ஸ், நடுவே அவசர சிசேரியன், அப்புறம் மருந்து ஸ்டாக், ஆம்புலன்சுக்கு டீசல் இருக்கிறதா என்ற கவலை வேறு. சொல்லப்போனால் டாக்டரே இல்லாத இடங்களும் நிறைய. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலான சிசேரியன்களைச் செய்வது டாக்டர் பட்டம் இல்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள். அரைகுறை வைத்தியம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்து நாடான மொசாம்பிக் 1984லேயே இப்படி அறுவை சிகிச்சைக்கு ஆட்களைத் தயார்செய்யத் தொடங்கிவிட்டது.

நவம்பர் வாக்கில் மழை பிடித்தால் மலேரியாவும் கூடவே ஏறும், குழந்தைகள் வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பிள்ளைகள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் இருபது நிமிடத்துக்குள் முடிவு தெரிந்துவிடும், நிலைமை மோசமென்றால் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து ஊசி. இதில் பெரிய தலைவலி மலேரியாவால் வரும் ரத்தசோகைதான்: கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லாமல் காகிதம் போல வெளுத்திருக்கும், ரத்தம் கையிருப்பில் இல்லையென்றால் கூட வந்த அப்பாவையோ மாமாவையோதான் கேட்க வேண்டும். நோயாளிக்குச் சமைப்பது, துவைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அந்தச் சொந்தக்காரர்கள்தான். அவர்கள் தங்கவும் அடுப்பு மூட்டி மக்காச்சோளக் களி கிளறவும் இடம் ஒதுக்காமல் அங்கே ஒரு வார்டையும் நடத்த முடியாது.