காண்ட்டை எந்தப் பக்கத்தில் திறப்பது?

கேள்வி: மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம் எங்களுடையது, பத்துப் பேர். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலத் தத்துவத்தைப் படிக்கலாம் என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட்டின் ‘தூய அறிவின் விமர்சனம்’ எடுத்தோம். மூன்றாவது கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. எங்கே பிசகு?

பதில்: நூலைத் தேர்ந்ததில்தான். 1781-இல் வந்த அந்த நூல் 800 பக்கத்துக்கு மேல். படித்தவர்களே திணறியதால் 1783-இல் காண்ட்டே சின்னதாக ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். நீங்கள் அவருடைய ‘அறிவொளி என்றால் என்ன?’ கட்டுரையை எடுங்கள். 1784-இல் பெர்லின் மாத இதழ் ஒன்றில் வந்தது, பதினைந்து பக்கம்கூடத் தேறாது. அதுவும் பத்திரிகையில் எழுந்த ஒரு கேள்விக்கான பதில்தான்!

முதல் பத்தியை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, “இதில் எதை மறுக்கிறார்?” என்று கேளுங்கள். “என்ன சொல்கிறார்?” என்று கேட்டால் படித்ததையே ஒப்பிப்பார்கள். பிறர் கையைப் பிடித்தே நடப்பதற்குக் காரணம் அறிவுக்குறை அல்ல, துணிவுக்குறை என்கிறார் காண்ட். இது பிடிபட்டால் அடுத்த பத்தி தானாக ஓடும். எனக்காகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம், எனக்காக மனசாட்சி வைத்துக்கொள்ள ஒரு போதகர், எனக்காகப் பத்தியம் சொல்ல ஒரு மருத்துவர் என்று மூன்று உதாரணம் தருகிறார். நான்காவதை ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

வண்டி நிற்கும் இடம் அடுத்து வருகிறது: அறிவின் ‘பொது’ப் பயன்பாடு, ‘தனி’ப் பயன்பாடு. பதவியில் இருந்துகொண்டு பேசுவதை அவர் ‘தனி’ என்கிறார். வாசகர் உலகத்தின் முன் எழுதுவதே ‘பொது’. நம் வழக்குக்கு நேர் தலைகீழ். படை அதிகாரி மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றியாக வேண்டும், ஆனால் படைத்துறையின் குறைகளை எழுதலாம். வரியைக் கட்டியாக வேண்டும், அது அநியாயம் என்று எழுதலாம். இந்த அர்த்தங்களைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் அந்தப் பகுதிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் சொல்லிலேயே போய்விடும்.

கேள்வி: எளிமையாக்கினால் தத்துவம் நீர்த்துப்போகாதா?

பதில்: வெட்டும் இடத்தைப் பொறுத்தது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹியூம் 1739-இல் வெளியிட்ட பெரிய நூல் எடுபடவில்லை. அதன் சாரத்தையே 1748-இல் கட்டுரை நடையில் மாற்றி எழுதினார். அவருடைய பில்லியர்ட்ஸ் பந்துகளைப் பாருங்கள். ஒன்று உருண்டு வந்து மோதுகிறது, மற்றொன்று நகர்கிறது. ‘நகர்த்தியது’ என்ற அந்த இணைப்பைக் கண்ணால் பார்த்தீர்களா? இல்லை. இத்தோடு நிறுத்தினால் “ஹியூம் காரண காரியத்தையே மறுத்தார்” என்று வீட்டுக்குப் போவார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கமே நம்மை எதிர்பார்க்க வைக்கிறது என்ற மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுகளையும் பெயர்களையும் தாராளமாக வெட்டுங்கள்; இந்த மறுபாதியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பகுத்தறிவு என்றாலே கடவுள் மறுப்புதானே?

பதில்: தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு வாடை உண்டு. ஆனால் திருச்சபையைக் கிழித்த பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரே கடவுளை ஏற்றவர். மொழிபெயர்ப்பில் ‘பகுத்தறிவு’க்குப் பதில் ‘அறிவு’ என்று போட்டாலே பாதிச் சண்டை குறையும்.