அப்கிரேடு நடுவுல கரண்ட் போச்சு, ரவுட்டர் போயே போச்சா?

பர்மாவுல மோல்மீன்ல டீக்கடை வச்சிருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காரு: கடையில இருக்கிற மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டரோட சாஃப்ட்வேர (ரவுட்டர்ஓஎஸ்) 6லேர்ந்து 7க்கு அப்கிரேடு போட்டேன், ரீபூட் ஆகும்போதே கரண்ட் போயிடுச்சு, இப்ப லைட் மட்டும் மினுக்குது, வின்பாக்ஸ்ல (ரவுட்டர செட் பண்ற புரோகிராம்) தெரியவே இல்ல, தூக்கிப் போட வேண்டியதுதானா, இனிமே தானா எழுந்திரிக்கிற மாதிரி செட் பண்ண முடியுமா?

தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி. பாதியில அழிஞ்சது ரவுட்டர்ஓஎஸ்ஸா இருக்கும், அத எழுப்பி விடுற ரவுட்டர்பூட் வேற இடத்துல தனியா இருக்கு, அதுக்கு ஒரு பேக்கப் காப்பியும் உள்ளேயே உண்டு. மொதல்ல கரண்ட கழட்டி, ரீசெட் பட்டன அமுக்கிக்கிட்டே ப்ளக்க சொருகி, மூணு செகண்டுல விட்டுடுங்க, பேக்கப் லோடர்ல எழுந்து பாக்கும், கான்ஃபிக் (நீங்க போட்டு வச்ச செட்டிங்ஸ்) அழியாது. அதிக நேரம் அமுக்கினா கான்ஃபிக் ரீசெட் ஆயிடும், பாத்துக்கங்க.

அதுலயும் எழுந்திரிக்கலன்னா நெட்இன்ஸ்டால்தான், அதாவது லேப்டாப்லேர்ந்து கேபிள் வழியா ரவுட்டர்ஓஎஸ்ஸ புதுசா ஏத்துற மைக்ரோடிக் புரோகிராம். லேப்டாப்ல வைஃபை ஆஃப், ஃபயர்வால் ஆஃப் (பாதி பேரு மாட்டிக்கிறது இந்த ஃபயர்வால்லதான்), ஐபி 192.168.88.2ன்னு கையால போட்டு, கேபிள ரவுட்டரோட ஒண்ணாம் நம்பர் போர்ட்ல சொருகுங்க. நெட்இன்ஸ்டால்ல நெட் பூட்டிங்க ஆன் பண்ணி 192.168.88.3ன்னு குடுங்க. இப்ப பட்டன அமுக்கிக்கிட்டே கரண்ட் குடுத்து, லிஸ்ட்ல ரவுட்டர் வர்ற வரைக்கும் விடாதீங்க, 15, 20 செகண்டு ஆகும். உங்களது ஆர்பி750ஜிஆர்3 மாடல்னா எம்எம்ஐபிஎஸ்னு பேர் போட்ட ரவுட்டர்ஓஎஸ் ஃபைல்தான் போடணும். கீப் ஓல்ட் கான்ஃபிகரேஷன டிக் பண்ணலன்னா பழைய கான்ஃபிக் போயிடும், லேப்டாப்ல பேக்கப் இருந்தா பொழச்சீங்க, ரவுட்டருக்குள்ளயே வச்சிருந்தா அதுவும் சேந்து போச்சு.

தானா எழுந்திரிக்குமான்னு கேட்டீங்கல்ல, சிஸ்டம், ரவுட்டர்போர்டு, செட்டிங்ஸ்ல பூட் டிவைஸ்னு ஒண்ணு இருக்கு, அது நாண்ட் இஃப் ஃபெயில் தென் ஈதர்நெட்னு (நாண்ட்னா உள்ள இருக்கிற மெமரி) இருக்கட்டும், ஃபேக்டரிலயே அப்படித்தான் வரும். அதாவது உள்ள இருக்கிறது கெட்டுப்போனா கேபிள் வழியா யாராவது இருக்கீங்களான்னு கூப்புடும், ஆனா கேட்க அந்தப் பக்கம் நெட்இன்ஸ்டால் ஓடுற லேப்டாப் இருக்கணுமே, இல்லன்னா கூப்புட்டுக்கிட்டே கெடக்கும். அதனால தானா பொழைக்கும்னு நம்பாதீங்க. நாண்ட் ஒன்லின்னு மாத்தினா அந்தக் கூப்பாடும் போயிடும்.

இன்னொண்ணு, ஓஎஸ் அப்கிரேடு ஆனாலும் ரவுட்டர்பூட் தானா மாறாது. சிஸ்டம், ரவுட்டர்போர்டுல கரண்ட் ஃபர்ம்வேர் (இப்ப ஓடுறது), அப்கிரேட் ஃபர்ம்வேர் (மாத்த வேண்டியது)னு ரெண்டு நம்பர் காட்டும், வேற வேறயா இருந்தா அப்கிரேடு பட்டன தட்டி மறுபடி ஒரு ரீபூட். ஆட்டோ அப்கிரேட் போட்டு வச்சாலும் ரெண்டாவது ரீபூட் வேணும்.

அடுத்த தடவ இன்வெர்ட்டர்ல போட்டுட்டு செய்யுங்க, சித்திரை வெயில்ல கரண்ட நம்பி அப்கிரேடு தட்டுற தைரியம் எனக்கே கிடையாது. ப்ரொடெக்டெட் ரவுட்டர்பூட்னு ஒரு ஆப்ஷன் கண்ணுல படும், அதத் தொடாதீங்க, ரீசெட் பட்டனையே வேலை செய்யாம பண்ணிடும்.