மண்ணில் தங்கிய டி.டி.டி., பி.எச்.சி.: தீவனம் போடலாமா?

கேள்வி: நான் வாங்கிய நிலத்தில் பல ஆண்டுகளுக்கு முன் டி.டி.டி., பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிகளைத் தூவியிருக்கிறார்கள். கொட்டகை மூலையில் ஒரு கிழிந்த மூட்டையில், மக்கிய வாடையுடன் தூள் கிடக்கிறது. அந்த நிலத்தில் மாட்டுத் தீவனமும் பூசணியும் போடலாமா? நான் அடிக்கும் 2,4-டி களைக்கொல்லியிலும் குளோரின் இருக்கிறதே, அதுவும் இப்படித் தங்குமா?

பதில்: முதலில் அந்த மூட்டை. அதை எக்காரணம் கொண்டும் எரிக்க வேண்டாம். குறைந்த வெப்பத்தில் எரியும் குளோரின் சேர்மங்களிலிருந்து டையாக்சின் என்னும் கொடிய நஞ்சுகள் உருவாகக்கூடும். புதைக்கவோ கழுவி விடவோ வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தூள் பறக்காதபடி மூடியுள்ள கலனில் அடைத்துப் பூட்டி வைத்து, வேளாண் துறைக்குத் தெரிவியுங்கள்.

குளோரின் இருப்பதாலேயே ஒரு மருந்து மண்ணில் நெடுங்காலம் தங்கிவிடுவதில்லை. அந்தக் குளோரின் மூலக்கூறில் எங்கே பிணைந்திருக்கிறது, நுண்ணுயிரிகள் உடைப்பதற்கு வேறு இளக்கமான இடம் உண்டா என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. 2,4-டியில் இரண்டு குளோரின்கள் பென்சீன் வளையத்தில் உறுதியாக இருந்தாலும், ஆக்சிஜன் வழியாக வளையத்தோடு இணைந்த அமிலக் கிளையை மண் பாக்டீரியாக்கள் எளிதில் வெட்டி, அங்கே மிஞ்சும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதியின் துணையால் வளையத்தையும் திறந்துவிடுவதால், ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் அது பெரும்பாலும் சில வாரங்களில் சிதைந்துவிடும். அதில் நீங்கள் அஞ்ச வேண்டியது காற்றில் பரவி அண்டை வயலின் பருத்தியையும் தக்காளியையும் கெடுப்பதற்கே.

டி.டி.டி.யில் அத்தகைய பிடி இல்லை. அதன் ஐந்து குளோரின்களில் ஒன்று கழன்றாலும் மிஞ்சுகிற டி.டி.இ. அதைவிடப் பிடிவாதமானது. பூச்சியைக் கொல்லும் அதன் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பவுல் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு முறை அடித்தால் நெடுநாள் நிற்கும் என்பதே அன்று அதன் பெருமையாக இருந்தது. பி.எச்.சி.யோ பல வடிவங்களின் கலவை; அதில் பூச்சியைக் கொல்வது லிண்டேன் எனப்படும் காமா வடிவம் மட்டுமே. அது தூளில் சிறு பங்குதான். எஞ்சிய பெரும்பகுதியைப் பயனின்றி மண்ணில் கொட்டினோம் என்பது இன்றும் எனக்கு வருத்தமே. அந்த எஞ்சியதில் உள்ள பீட்டா வடிவம்தான் மற்றவற்றைவிட நீண்ட காலம் தங்குகிறது.

இவை நீரில் கரையாமல் கொழுப்பில் கரைவதால், மாட்டின் உடற்கொழுப்பில் சேர்ந்து பாலின் கொழுப்பு வழியே வெளியேறும். வெண்ணெயிலும் நெய்யிலும் செறிவு கூடும். புல்லின் வேர் இவற்றை உறிஞ்சுவது குறைவு. ஆனால் குட்டையான புல்லை மாடு மேயும்போது, வேரோடு ஒட்டிய மண்ணையும் சேர்த்தே விழுங்குகிறது. ஆகவே, அங்கே மேய்ச்சலுக்கு விடாமல், உயரமாக வளரும் தீவனப்பயிரைத் தரைக்குச் சற்று மேலே அறுத்துப் போடுவது நல்லது. பூசணி வேண்டாம், அந்தக் குடும்பத்தின் சில வகைகள் டி.டி.இ.யை வேர் வழியாகத் தண்டு வரை ஏற்றுகின்றன. கேரட்டும் தோலில் இத்தகைய எச்சங்களைப் பிடித்துக்கொள்ளும்.

எதையும் விதைக்கும் முன் மேல் 15 செ.மீ. மண்ணைப் பல இடங்களில் எடுத்துக் கலந்து ஆய்வுக்கு அனுப்புங்கள். கொட்டகையைச் சுற்றியுள்ள மண்ணைத் தனி மாதிரியாகக் கட்டுங்கள். வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்து ஆய்வில் இது தெரியாது என்பதால், ஆர்கனோகுளோரின் (டி.டி.டி., பி.எச்.சி. போன்ற குளோரின் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள்) எச்ச ஆய்வு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.