ஜெபித்தும் பதில் இல்லை, விசுவாசத்தை விட்டுவிடலாமா?

சகோதரி, கணவருக்கு டயாலிசிஸ், கடன் வேறு. இதில் சபையில் ஒருவர் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லிவிட்டார், இனி ஆலயமும் வேண்டாம், ஆண்டவரும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் பழியை யோபுமேல்தான் போட்டார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

கோபம் இருந்தால் ஆண்டவரிடமே கொட்டுங்கள். 88-ஆம் சங்கீதம் புலம்பலாகவே போய் இருளில் முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

ஆனால் விட்டு விலகுவது வேறு. புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபம் (கடிதம்), விசுவாசத்துக்காக ஆஸ்தியைப் பறிகொடுத்தவர்களுக்கு எழுதப்பட்டது. அவர்களில் சிலர் சபை கூடிவருவதையே விட்டிருந்தார்கள். தனியாக ஒதுங்கினால் மனம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவிடும், நமக்கே தெரியாது. அதனால்தான் அந்த நிருபத்தை எழுதியவர் 3:13-இல் நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லச் சொல்கிறார்.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை (நம்மவர்கள் பண்ணியிருப்பார்கள்!). தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன; எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். நீங்களும் முதலில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

அப்புறம், நீண்ட ஜெபம் வராவிட்டால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் போதும். அந்தச் சபைக்குப் போகவே பிடிக்கவில்லையென்றால் பக்கத்தில் வேறு சபைக்குப் போங்கள். போதகரிடம் ஆஸ்பத்திரிச் செலவையும் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்திய உதவிக்கென்று பணம் ஒதுக்கும் சபைகள் உண்டு.