சுவர் கேட்கும் வாசகிக்கு

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளில் கடலோர வீடுகள் இடிந்து விழும் காணொளிகளைப் பார்த்தேன். ராலியில் வேலை பார்க்கும் என் மகன் செப்டம்பரில் அங்கே அழைத்துப் போவதாகச் சொல்கிறான்; அலைச்சறுக்கும் தூண்டிலும் அவனுக்கு உயிர். ஒரு கற்சுவர் எழுப்பி அந்த அழகான கடற்கரையைக் காப்பாற்ற அவ்வளவு பணக்கார நாட்டுக்கு முடியாதா?
வாசகி ஒருவர், திருச்சி.

பதில்: சுவர் காப்பது வீட்டைத்தான், கடற்கரையை அல்ல. அவை பாறை மேல் அமர்ந்த தீவுகள் இல்லை; புயல் அலைகள் கடல் பக்கத்து மணலை வாரி மறுபுறத்துக் காயலில் கொட்டக் கொட்ட, தீவே பெருநிலத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டினால் அலை அதன் அடி மணலை அரித்துவிடும். உங்கள் மகன் தூண்டிலோடு நிற்க இடம் இருக்காது. எனவேதான் 1985 முதல் அந்த மாநிலம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கடல் முகப்பில் இத்தகைய சுவர்களை அனுமதிப்பதில்லை. அந்தத் தீவுகளில் ஒன்றான ஹேட்டரஸின் முனையில் உள்ள கலங்கரை விளக்கத்தை 1870-இல் கட்டி முடித்தபோது கடல் சுமார் 450 மீட்டர் தள்ளி இருந்தது. அது காலடிக்கு வந்துவிடவே, 1999-இல், 60 மீட்டர் உயரச் செங்கல் கோபுரத்தை அப்படியே தூக்கி 880 மீட்டர் தள்ளி வைத்தார்கள். வீட்டுக்காரர் எல்லோராலும் அப்படி நகர முடியவில்லை. ரொடாந்தி, பக்ஸ்டன் ஊர்களில் 2020-க்குப் பின் 20-க்கும் மேற்பட்ட வீடுகள் கடலில் விழுந்தன.

தாராளமாகப் போய் வாருங்கள். செப்டம்பரில் தொலைவில் சுழலும் புயல்கள் அனுப்பும் நீண்ட அலைகளுக்காகவே சறுக்குவோர் அங்கே கூடுகிறார்கள். அதே அலைகள்தாம் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தையும் உண்டாக்குகின்றன. அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பது மகனுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூண்டில்காரர்கள் மடவை மீனைத் துண்டு போட்டு இரையாகக் கோத்து, ரெட் டிரம் என்ற மீனுக்காகக் காத்திருப்பார்கள்; 18 முதல் 27 அங்குலம் வரை உள்ள ஒன்றைத்தான் ஒருவர் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம், அதைவிடப் பெரியதைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். மீன்பிடி உரிமம் 10 நாளுக்கும் கிடைக்கும்.

அலை வாசற்படியைத் தொடும் வீட்டுக்குக் கூடுதல் வாடகை தர வேண்டாம். காயல் பக்கம் பாருங்கள். ஹேட்டரஸ் தீவின் நெடுக ஓடும் ஒரே நெடுஞ்சாலையைப் புயல் மணல் அடிக்கடி மூடிவிடும் என்பதால், அதிகாரிகள் புறப்படச் சொன்னால் அன்றே புறப்பட்டுவிடுங்கள். இடிந்த வீடுகளின் ஆணிகள் மணலில் புதைந்து கிடக்கின்றன. ரொடாந்தி பக்கம் செருப்பைக் கழற்ற வேண்டாம்.