48 வண்ணம் வேண்டாம் சகோதரி, 5 டியூப் போதும்

கேள்வி: எனக்கு வயது 47. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். இப்போது டவுனில் தாமான் வீட்டில் இருக்கிறோம். அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனையாகி, லயங்களும் போய்விட்டன. நினைவு மங்குவதற்குள் அவர் பால் வெட்டிய மர வரிசையான அந்த நிரையையும் அம்மாவையும் வரைந்து வைக்க ஆசை. பள்ளியை விட்டபிறகு தூரிகையைத் தொட்டதே இல்லை. கோயில் திருவிழாவில் பழக்கமான ஓர் ஏஜென்ட், ஸ்டாண்டு, 48 வண்ணம், 24 தூரிகை, இணைய வகுப்பு, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 780 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். தவணையிலும் கட்டலாமாம். ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்டு வருவார். வாங்கலாமா? மகள் பள்ளியில் வைத்திருந்த போஸ்டர் கலரில் ஒரு படம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். மூன்றே மாதத்தில் பூசணம் பூத்துவிட்டது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். காரணம் கேட்டு நின்றாலும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்த பெற்றோர் ஏராளம். பெட்டியைத் திறந்தால் வானவில் போல இருக்கும். ஆனால் டியூப் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 12 மில்லிதான், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. 48 டியூப்பில் வெள்ளை ஒன்றோ இரண்டோ இருக்கும். படம் போட உட்கார்ந்தால் மற்ற எல்லாவற்றையும்விட வெள்ளைதான் அதிகம் செலவாகும். வானத்துக்கு வெள்ளை, முகத்துக்கு வெள்ளை, தூரத்து மரத்தை மங்கலாக்க வெள்ளை. இரண்டாவது படத்திலேயே அது தீர்ந்துவிடும். மீதி நாற்பது டியூப் அலமாரியில் கிடந்து கல்லாகும். அதைப் பார்த்து 'எனக்குத்தான் கை வரவில்லை' என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

நீங்கள் வாங்க வேண்டியது அக்ரிலிக். தண்ணீரில் கரைத்துப் பூசலாம், காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. ஆயில் பெயிண்ட் வேண்டாம். காய நாள்கணக்கில் ஆகும். டர்பன்டைன் வாசம் மூடிய வீட்டுக்குள் ஆகாது. லின்சீட் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வாட்டர் கலரும் இப்போதைக்கு வேண்டாம். அதில் தவறைத் திருத்துவது கடினம், நல்ல தாளுக்கே பணம் கரைந்துவிடும்.

ஐந்து டியூப்: டைட்டேனியம் ஒயிட், லெமன் எல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரின் புளூ, பர்ண்ட் சியன்னா. மாணவர் தரம் போதும். 75 மில்லி அளவில் வாங்குங்கள், வெள்ளை மட்டும் இரண்டாக இருக்கட்டும். தூரிகை மூன்று, எல்லாம் நைலான்: அரை அங்குலத் தட்டை ஒன்று, 6ஆம் எண் உருண்டை ஒன்று, மெல்லிய கோட்டுக்கு 2ஆம் எண் ஒன்று. பெரிய இடத்தை நிரப்ப இரும்புக்கடையில் விற்கும் ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷே போதும். வரைய 8க்கு 10 அங்குலக் கேன்வாஸ் போர்டு நான்கு. வண்ணம் கலக்க, வீட்டில் மிஞ்சிய வெள்ளை மார்பிள் கல் ஒன்று இருந்தால் அதைவிட நல்ல பலகை கிடையாது. ஸ்டாண்டு தேவையில்லை, சாப்பாட்டு மேசையில் இரண்டு புத்தகத்தை அடுக்கிப் போர்டைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் நூறு வெள்ளியை ஒட்டி முடிந்துவிடும். டவுன் புத்தகக் கடையில் இல்லாததை ஈப்போவுக்குப் போகும்போது வாங்கலாம்.

பச்சை டியூப் எங்கே என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றுதான் விட்டேன். டியூப்பிலிருந்து நேராகப் பிதுக்கிய பச்சை நம் ஊர் மரத்தில் எங்கும் இல்லை, அது பிளாஸ்டிக் வாளியின் பச்சை. லெமன் எல்லோவில் அல்ட்ராமரின் கலந்து, ஒரு பொட்டு பர்ண்ட் சியன்னா சேர்த்துப் பாருங்கள், செம்பனை மட்டையின் அழுத்தமான பச்சை வரும். அல்ட்ராமரினும் பர்ண்ட் சியன்னாவும் சரிபாதி கலந்தால் கறுப்பை நெருங்கும் ஓர் அடர்த்தி கிடைக்கும். விடியாத நேரத்து ரப்பர் காட்டுக்கு அதுதான் வண்ணம். அதில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் பட்டையின் சாம்பல் நிறம் வந்துவிடும். இலையுதிர்ந்து புதுத் துளிர் விடும்போது ரப்பர் மரம் செம்பு நிறத்தில் இருக்குமே, நினைவிருக்கிறதா? கிரிம்சனும் மஞ்சளும் துளி பர்ண்ட் சியன்னாவும் போதும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள். அது சுழன்றால் பத்து நிமிடத்தில் வண்ணம் தோலாகிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, மேலே கேக் சுடும் தாள் ஒன்றைப் போட்டு, அதில் வண்ணத்தை வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். தூரிகையை ஒரு நிமிடம்கூட காயவிடாதீர்கள். மயிர் கீழே இருக்கும்படி குவளையில் நிறுத்தவும் கூடாது, முனை வளைந்துவிடும். முடிந்ததும் குளியல் சோப்பில் கழுவிப் படுக்கவையுங்கள்.

மகளின் போஸ்டர் கலரைத் தூக்கிப் போடச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். சொல்லமாட்டேன். பள்ளி வண்ணம் வேண்டாம் என்பது என் பொது விதி, உங்கள் விஷயத்தில் அதற்கு ஒரு விலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி மட்டும் கேட்டுவிட்டுப் படத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்ணம் கலக்கிப் பழக, எந்த இரண்டைச் சேர்த்தால் எது வருகிறது என்று குறித்து வைக்க, டிராயிங் பிளாக்கில் தினம் ஒரு சின்னக் கட்டம் நிரப்ப அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புது டியூப்பை வீணாக்காமல் கை பழகும். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போஸ்டர் கலர் காய்ந்தபிறகும் தண்ணீரில் கரையும். அதன்மேல் அக்ரிலிக்கைப் பூசினால் அடியில் இருப்பது இளகிக் கலங்கும், பிறகு மேல்பூச்சு உரிந்துவரும். 'அடிப்பூச்சுக்கு மட்டும் போஸ்டர் கலர், மேலே அக்ரிலிக்' என்ற சிக்கனம் வேண்டவே வேண்டாம். இரண்டையும் ஒரே மார்பிளில் கலக்கவும் வேண்டாம். வைத்துக்காக்க நினைக்கும் படத்துக்கு அக்ரிலிக் மட்டும்.

பூசணத்துக்கு வருவோம். உங்கள் கைமேல் குற்றம் இல்லை. நம் ஊரில் காற்றின் ஈரம் பெரும்பாலான நாட்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். தாளுக்குள் அந்த ஈரமும் போஸ்டர் கலரின் பசையும் இருந்தன. அதைக் காற்றில்லாத உறையில் அடைத்து இருட்டில் வைத்தீர்கள். பாதுகாக்க வைத்த உறைதான் கெடுத்திருக்கிறது. இனி படத்தை நன்றாகக் காயவிட்டு, குளியலறைச் சுவரையும் மழை அடிக்கும் வெளிச்சுவரையும் தவிர்த்து, உள்சுவரில் மாட்டுங்கள். பின்புறம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவை வரைய உங்களுக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கும் எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வேறு, ஏஜென்ட் தன் கணினியில் அச்சடித்துக் கொடுக்கும் தாள் வேறு. 'இதை வைத்து வகுப்பு நடத்தலாம், மாதம் இவ்வளவு வரும்' என்பார்கள். அடுத்தபடியாக 'நீங்களும் நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள்' என்பார்கள். அந்த வார்த்தை வந்ததும் எழுந்து கதவைத் திறந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட வாசகர்களும் இருப்பீர்கள். வாசலுக்கு வந்து விற்பவர்களைக் கட்டுப்படுத்த 1993ஆம் ஆண்டிலிருந்தே நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அதில் அவகாசம் உண்டு, ஆகவே நாள் கடத்தாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். இதைத் தோட்டத்து மக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஓர் அதிகாரியும் வந்து நான் பார்த்ததில்லை. ஏஜென்ட் மட்டும் தவறாமல் திருவிழாவுக்கு வந்துவிடுகிறார். நான் வேலை பார்த்த பள்ளியில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளைதான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தைப் பறிக்காமல் ஒழுங்காக நடத்த விட்டிருந்தால், 47 வயதில் ஒரு பெண் தூரிகை பிடிக்க 780 வெள்ளி கேட்கும் துணிச்சல் எவனுக்கும் வந்திருக்காது.

முதல் போர்டில் அம்மாவின் முகத்தை வரையாதீர்கள். முகம் பிசகினால் மனம் விட்டுப்போகும். ஒரே ஒரு மரத்தின் நடுப்பகுதியை மட்டும், போர்டு நிறைய, கிட்டத்தில் நின்று பார்ப்பதுபோல் போடுங்கள். சாம்பல் பட்டை, அதில் வெளிறிய திட்டுகள், அன்றைக்கு வெட்டிய இடத்தில் ஈரமான செம்மஞ்சள், அடியில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு. பாலுக்கு வெறும் வெள்ளையைப் பூசாதீர்கள். நிழல் விழும் பக்கத்தில் ஊசிமுனை அளவு அல்ட்ராமரின் கலந்தால்தான் மங்குக்குள் பால் நிறைந்து நிற்பது தெரியும். முகத்தை மூன்றாவது போர்டில் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் நெற்றி விளக்கின் வெளிச்சம் பாதி முகத்தில் விழுவதுபோல் போட்டால் மறு பாதியை இருட்டே பார்த்துக்கொள்ளும்.

வெட்டுக்கோடு மட்டும் சரியாக இருக்கட்டும். மரத்தைப் பார்த்து நின்றால் அது இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும், அதிகப் பால் வரும். மாற்றிப் போட்டுவிட்டால், உங்கள் அம்மாவோடு நிரை பிடித்தவர்கள் யாராவது வீட்டுக்கு வரும்போது முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.